ஸனா மக்கீ: பாலைநிலத்து மருந்தும் அதன் எல்லையும்

ஹஜ், உம்ராவை முடித்துத் திரும்புவோர் கொண்டுவரும் பொருள்களில் ஸம்ஸம் நீருக்கும் பேரீச்சம்பழத்திற்கும் அடுத்து, சில வீடுகளில் உலர்ந்த இலைப் பொட்டலம் ஒன்றும் இருக்கக் காணலாம். அத்தார் கடைகளில் ‘ஸனா மக்கீ’ என்ற பெயரில் விற்கப்படும் இலை அது. மரணம் நீங்கலாக எல்லா நோய்க்கும் அது மருந்து என்று சொல்லிக் கொடுப்போர் உண்டு. தேநீர்போல் நாள்தோறும் பருகுவோரும் உண்டு. அந்த இலையின் உறவான செடி திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் ‘நிலாவரை’ என்ற பெயரில் பயிராகி, தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே உலகமெங்கும் செல்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

இச்செடியைப் பற்றி நம் மரபு உண்மையில் என்ன சொல்லியுள்ளது? எந்த நோக்கத்தில் சொல்லியுள்ளது? இன்றைய மருத்துவ அறிவு அதற்கு எவ்வளவு தூரம் துணை நிற்கிறது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செடியும் பெயர்களும்

ஸனா, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு புதர்ச்செடி. பெரும்பாலும் இடுப்பளவுக்கு மேல் வளர்வதில்லை. எகிப்து, சூடான், சோமாலியா, அரபுத் தீபகற்பம் ஆகியவற்றின் வறண்ட நிலங்களில் இது காட்டுச்செடியாக வளர்கிறது. மழை கண்டால் துளிர்க்கும். கொத்தாக மஞ்சள் மலர் பூக்கும். தட்டையாக, சற்றே வளைந்த காய்களைத் தரும். இலையும் காயும் ஆகிய இரண்டுமே மருந்துக்கு ஆகும்.

தாவரவியலார் இதற்கு இன்று வழங்கும் பெயர் ‘சென்னா அலெக்ஸாண்ட்ரினா’ என்பது. ‘சென்னா’ என்ற சொல்லே அரபு மொழியின் ‘ஸனா’விலிருந்து பிறந்ததாகும். நைல் நதிவழியே சூடானிலிருந்து வந்து அலெக்ஸாந்திரியாவில் கப்பலேறிய சரக்கு ஒருவகை. அரபு நாட்டில் விளைந்து மக்காவின் பெயரால் அறியப்பட்டது மற்றொரு வகை. முன்னர் இவற்றை இரு வேறு இனங்களாகக் கொண்டனர். இன்று இரண்டும் ஓரினம் என்றே கருதப்படுகின்றன. திருநெல்வேலியில் விளைவது அரபு நாட்டு வகையின் வழிவந்தது. ஆக, மக்காவின் கடைவீதியில் வாங்கும் இலையும் நெல்லைச் சீமையின் கரிசலில் பறிக்கும் இலையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடலாம்.

ஆனால் பெயர் ஒன்றாய் இருப்பதால் பொருளும் ஒன்றாய் இருக்கும் என எண்ணிவிடக்கூடாது. ‘ஆர்கல்’ எனும் வேறொரு பாலைச்செடியின் இலை, அலெக்ஸாந்திரியச் சரக்கில் நெடுங்காலம் கலப்படமாகச் சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலோ நிலாவரையோடு ஆவாரை இலை கலப்பது உண்டு. ஆவாரை நல்ல மூலிகையே எனினும் நிலாவரையின் பணியை அது செய்யாது. உண்மையான ஸனா இலையின் அடிப்பகுதி நடுநரம்பின் இருபுறமும் சமமாக இராது. ஒருபுறம் சற்று ஏறியும் மறுபுறம் சற்று இறங்கியும் இருக்கும். பழைய மருந்துக் கடைக்காரர்கள் இந்த அடையாளத்தைக் கொண்டே சரக்கைத் தேர்ந்தனர். இத்தகைய பெயர்க் குழப்பங்களின் ஆபத்தை உணர்ந்து உழைத்தவர்களுள் ஒருவர், சென்னையில் மருத்துவப் பணியாற்றிய முஹையித்தீன் ஷரீஃப். 1869இல் வெளிவந்த அவருடைய இந்திய மருந்துநூல் இணைப்பு, மருந்துச் சரக்குகளுக்குப் பல மொழிகளிலும் வழங்கும் பெயர்களை ஒப்பிட்டு வரையறுக்க முற்பட்ட பெருமுயற்சியாகும்.

ஹதீஸ்களில் ஸனா

ஸனாவைப் பற்றிய அறிவிப்புகளில் இரண்டு பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. முதலாவது அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் வழியாக வருவது. திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இது இடம்பெற்றுள்ளது. அபிசீனியாவிற்கு ஹிஜ்ரத் செய்து அங்குப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் அஸ்மா (ரலி). வயிற்றை இளக்க எதனைப் பயன்படுத்துகிறீர் என்று நபி (ஸல்) அவர்கள் அவரிடம் வினவுகிறார்கள். ‘ஷுப்ரும்’ என்று அவர் விடையளிக்கிறார். அது கடும் வெப்பமுடையது என்று நபியவர்கள் கூறுகிறார்கள். பின்னர் அஸ்மா (ரலி) ஸனாவைப் பயன்படுத்தியபோது, மரணத்திற்கு ஏதேனும் ஒன்றில் நிவாரணம் இருக்குமாயின் அது ஸனாவில் இருந்திருக்கும் என்ற கருத்தை நபியவர்கள் தெரிவிக்கிறார்கள்.

இரண்டாவது அறிவிப்பு இப்னு மாஜாவில் உள்ளது. ஸனாவையும் ஸன்னூத்தையும் கைக்கொள்ளுமாறும், அவ்விரண்டிலும் ‘ஸாம்’ நீங்கலாக எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்றும் அது கூறுகிறது. ‘ஸாம்’ என்பது மரணம்.

இவற்றின் தகுதி குறித்து ஹதீஸ் கலையினரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. முதல் அறிவிப்பை இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களே ‘கரீப்’ எனக் குறிப்பிட்டுள்ளார்கள். பின்வந்த ஆய்வாளர் சிலர் அதன் தொடரில் பலவீனம் கண்டுள்ளனர். இரண்டாவதை ஏற்கத்தக்கது எனக் கொண்டோரும் உளர். ஆயினும் அறிவிப்பின் தகுதியைப் போலவே, அதன் சூழலும் நம் கவனத்திற்குரியது.

முதல் அறிவிப்பின் தொடக்கமே ஒரு வினா. அவ்வினா எல்லா நோய்களையும் பற்றியதன்று, மலமிளக்குதலைப் பற்றியது. ஷுப்ரும் என்பது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்த கடும் பேதிச் செடி என மருத்துவ நூலோர் விளக்குவர். அதன் வேகத்தால் விளையும் தீங்கை அஞ்சி, அதனைத் தவிர்க்குமாறு அக்கால மருத்துவர்களே அறிவுறுத்தியுள்ளனர். ஆக, இங்கே நிகழ்வது ஓர் ஒப்பீடு: உடலை வருத்தும் கடுமையான ஒன்றை விடுத்து, அதே பணியை மென்மையாகச் செய்யும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல். ஸனா பெற்ற புகழ் அதன் மிதத்திற்குக் கிடைத்த புகழ். இதனை மறந்துவிட்டு, அப்புகழையே அளவின்றி உட்கொள்வதற்கான அனுமதியாக்குவது ஹதீஸின் போக்கிற்கே மாறானது.

எல்லா நோய்க்கும் என்ற சொல்லாட்சி பற்றியும் முன்னோர் சிந்தித்துள்ளனர். கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸில் வரும் இத்தகைய பொதுச்சொல், பொதுவாகக் கூறப்பட்டுக் குறிப்பிட்ட பொருளைக் கருதுவது என இமாம் கத்தாபீ (இறப்பு கி.பி. 998) விளக்கமளித்துள்ளார்கள். நபிமருத்துவ அறிவிப்புகளை எவ்வாறு கொள்வது என்பதிலும் இரு போக்குகள் உண்டு. இமாம் இப்னுல் கய்யிம் (இறப்பு கி.பி. 1350) அவற்றை இறைவழிகாட்டலின் ஒளி பெற்ற மருத்துவமாகக் கண்டார்கள். இப்னு கல்தூன் (இறப்பு கி.பி. 1406) தம் ‘முகத்திமா’வில், அவை பெரும்பாலும் அக்கால அரபியரின் வழக்கத்தைச் சார்ந்தவை, மார்க்கச் சட்டமாக விதிக்கப்பட்டவையல்ல என்றார். எப்போக்கை ஏற்றாலும், அளவும் தகுதியும் பாராமல் மருந்துண்ண இருவரில் எவரும் இடந்தரவில்லை.

ஸன்னூத் எது?

ஸனாவோடு இணைத்துச் சொல்லப்படும் ஸன்னூத் எது என்பதில் பல விளக்கங்கள் உள்ளன. இப்னுல் கய்யிம் அவர்கள் எட்டுக் கருத்துகளைத் தொகுத்துத் தருகிறார்கள். தேன் என்பர் சிலர். சீரகம் என்பர் சிலர். பெருஞ்சீரகம், சதகுப்பை, பேரீச்சம்பழம் என்றெல்லாம் கூறுவோரும் உளர். நெய் வைத்த தோற்பையில் ஊறிய தேன் என்பது இன்னொரு விளக்கம். பொடித்த ஸனாவை நெய் கலந்த தேனில் குழைத்து நக்கியுண்பது தனித்து உண்பதைவிடச் சிறந்தது, ஏனெனில் தேனும் நெய்யும் அதன் குறையைத் திருத்தும் என்ற மருத்துவர் கருத்தையும் அவர்கள் சேர்த்துரைக்கிறார்கள்.

இங்கே யூனானி மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கை ஒன்று வெளிப்படுகிறது. ஒவ்வொரு மருந்திற்கும் ஒரு பயனும் ஒரு தீங்கும் உண்டு. அத்தீங்கைத் தணிக்க உடன் சேர்ப்பதை ‘முஸ்லிஹ்’, அதாவது திருத்தி என்பர். ஸனாவின் தீங்கு வயிற்றை முறுக்கி வலிக்கச் செய்வது. வாயுவை அகற்றும் மணப்பொருளோ கொழுப்போ இனிப்போ சேர்ந்தால் அம்முறுக்கல் தணியும்.

வியப்பு என்னவெனில், ஒன்றோடொன்று தொலைவில் இருந்த மருத்துவ மரபுகள் இதே முடிவை எட்டியுள்ளன. சித்த மருத்துவத்தின் நிலாவரைச் சூரணத்தில் சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம் ஆகியவை சேர்கின்றன. ஐரோப்பிய மருந்துநூல்களில் இடம்பெற்ற அதிமதுரக் கூட்டுச் சூரணத்தில் ஸனாவுடன் அதிமதுரம், பெருஞ்சீரகம், கந்தகம், சர்க்கரை ஆகியவை இருந்தன. ஸன்னூத் என்ற சொல்லுக்குப் பெருஞ்சீரகம் என்றும் பொருள் கூறப்பட்டதை இங்கு நினைவுகூரலாம். தனித்து உண்ணாதே, திருத்தியோடு உண் என்பதில் மதீனாவும் பொதிகையும் ஐரோப்பாவும் உடன்படுகின்றன.

மருத்துவ நூல்களில்

கிரேக்கப் பேராசான்களான டயாஸ்கொரிடீஸும் காலெனும் ஸனாவை அறிந்திருக்கவில்லை. எழுத்து மருத்துவத்தில் இதனைப் புகுத்திய பெருமை அரபு மொழியில் எழுதிய மருத்துவர்களையே சாரும். பக்தாதில் கலீஃபாக்களின் மருத்துவராக விளங்கிய யூஹன்னா இப்னு மாஸவைஹ் (இறப்பு கி.பி. 857) காலத்திலிருந்து இது நூல்களில் பேசப்படுகிறது. பின்னர் இலத்தீன் மொழிபெயர்ப்புகளின் வழியே ஐரோப்பிய மருந்தகங்களை அடைந்தது.

இப்னுல் கய்யிம் அவர்கள் தரும் செய்திகள் அக்கால மருத்துவ அறிவின் சுருக்கம் எனலாம். மக்காவில் விளைவதே உயர்ந்தது. முதற்படி வெப்பமும் வறட்சியும் உடையது. மஞ்சள் பித்தத்தையும் கரும்பித்தத்தையும் வெளியேற்றும். பழைய தலைவலி, சொறி, சிரங்கு, அரிப்பு, முடி உதிர்தல், கரும்பித்தத்தால் எழும் மனக்குழப்பம் ஆகியவற்றுக்குப் பயன்படும் என்பது அவர்களுடைய கூற்று. பொடியாக உண்பதைவிடக் காய்ச்சிய நீராகப் பருகுவது நன்று என்றும், கொட்டை நீக்கிய உலர்திராட்சையும் ஊதாப்பூவும் சேர்த்துக் காய்ச்சினால் மேலும் நன்று என்றும் அறிவுறுத்துகிறார்கள்.

இந்நீண்ட நோய்ப்பட்டியலைப் படிப்போர் அதன் அடிப்படையை அறிதல் வேண்டும். உடலின் நான்கு கலவைகள் சமநிலை இழப்பதே நோய் என்பது அக்கால மருத்துவக் கோட்பாடு. தோல் நோயும் தலைவலியும் மனச்சோர்வும் கரும்பித்தத்தின் மிகுதியால் வருவன என்று கொண்டதால், அதனை வெளியேற்றும் பேதிமருந்து அவை அனைத்திற்கும் பொருந்தும் என முடிவு செய்தனர். ஒரு கோட்பாட்டிலிருந்து முறையாகப் பெறப்பட்ட முடிவு அது. அக்கோட்பாட்டை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. எஞ்சி நிற்பது நேரே கண்டறியப்பட்ட உண்மை: ஸனா மலச்சிக்கலைப் போக்கும். அதில் முன்னோர் பிழைபடவில்லை.

நெல்லைக்கு வந்த வரலாறு

தமிழில் ‘சூரத்து நிலாவரை’ என்றும் ஒரு பெயர் வழங்கியுள்ளது. முகலாயர் காலத்தில் ஹஜ் பயணிகள் கப்பலேறிய துறைமுகம் சூரத். அரபு நாட்டுச் சரக்குகள் வந்திறங்கியதும் அங்கேயே. அவ்வழியே வந்த மருந்தை நம்மவர் அத்துறைமுகத்தின் பெயரால் அழைத்ததை அப்பெயர் நினைவூட்டுகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் திருநெல்வேலிப் பகுதியில் இது பயிராகத் தொடங்கியது. குறைந்த மழை, கடும் வெயில், நீர் தேங்காத நிலம் ஆகிய மூன்றும் பாலைச்செடிக்கு உகந்தனவாக அமைந்தன. விரைவில் ‘திருநெல்வேலி சென்னா’ என்பது உலக மருந்துச் சந்தையில் தனித்த வணிகப் பெயராயிற்று. விதைத்த இரண்டு, மூன்று மாதங்களில் முதல் இலைப்பறிப்பு நிகழும். பறித்த இலையை நிழலில் பரப்பி உலர்த்துவர். கடும் வெயிலில் உலர்ந்தால் பச்சை நிறம் மங்கி மதிப்புக் குறையும். தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளத்திலுள்ள வேளாண்மைக் கல்லூரியிலிருந்து ‘கே.கே.எம். 1’ என்ற இரகமும் வெளியிடப்பட்டுள்ளது. இன்று ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் வறண்ட பகுதிகளிலும் இது பெருமளவில் விளைகிறது.

குடலில் நிகழ்வது

ஸனாவின் ஆற்றலுக்குரிய முதன்மைப் பொருள்களான சென்னோசைடு ஏ, சென்னோசைடு பி ஆகியவற்றை ஆர்தர் ஸ்டோல் என்ற சுவிஸ் வேதியியலாரும் அவருடைய உடனுழைப்பாளர்களும் 1941இல் பிரித்தறிந்தனர். இப்பொருள்கள் செயற்படும் முறை நுட்பமானது. இரைப்பையிலும் சிறுகுடலிலும் அவை பெரிதும் மாற்றமின்றிக் கடந்து செல்கின்றன. பெருங்குடலை அடைந்ததும் அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து, ‘ரெய்ன் ஆந்த்ரோன்’ என்ற பொருளாக மாற்றுகின்றன. அப்பொருளே பெருங்குடலின் அசைவைத் தூண்டுகிறது; மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்வதையும் தடுக்கிறது. இவை நிகழ ஏறத்தாழ 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் உண்டால் காலையில் பயன் தெரிவது இதனால்தான். உண்டவுடன் பயன் தெரியவில்லையே என்று மீண்டும் மீண்டும் உண்போர் மறுநாள் படும் துன்பத்திற்கும் இதுவே காரணம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சென்னா இடம்பெற்றுள்ளது. 2002இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், போதிய பாதுகாப்புச் சான்று இல்லையெனக் கூறி, மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் மலமிளக்கிகளின் வரிசையிலிருந்து கரியபோளம் எனப்படும் மூசாம்பரத்தையும் கஸ்காரா பட்டையையும் நீக்கியபோது, சென்னா நீக்கப்படவில்லை. கடுமையானவற்றினிடையே மிதமானது என்ற பழைய மதிப்பீடு இவ்வகையில் புதிய காலத்திலும் நிலைபெற்றது எனலாம்.

அளவும் எல்லையும்

மிதமானது என்பதன் பொருள் தீங்கற்றது என்பதன்று. பழைய நூல்களின் அளவுகளை அப்படியே எடுத்தாள்வதில் முதல் ஆபத்து உள்ளது. இப்னுல் கய்யிம் குறிப்பிடும் அளவு மூன்று திர்ஹம் எடை. ஒரு திர்ஹம் ஏறத்தாழ 3 கிராம் எனக் கொண்டால் அது 9 கிராம் ஆகும். இன்றைய மருந்துநூல்கள் ஏற்கும் இலையில் குறைந்தது 2.5 விழுக்காடு செயற்பொருள் இருத்தல் வேண்டும். அக்கணக்கில் 9 கிராம் இலையில் 200 மில்லிகிராமுக்கும் அதிகமான செயற்பொருள் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை வயதுவந்தோர்க்கு விதிக்கும் உச்ச அளவோ நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் மட்டுமே. காய்ச்சும்போது செயற்பொருள் முழுவதும் நீரில் இறங்காது என்பது உண்மைதான். மேலும் அக்கால மருத்துவர் அதனை நோயாளியை அருகிருந்து கண்டு, உடலைத் தூய்மைப்படுத்தும் பொருட்டு எப்போதேனும் ஒருமுறை தந்தனர்; நாள்தோறும் பருகும் பானமாக அன்று. நூலின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனைத் தந்த மருத்துவரின் கண்காணிப்பை விட்டுவிடுதல் அறிவுடைமையாகாது.

இரண்டாவது ஆபத்து நீடித்த பயன்பாடு. மருத்துவர் அறிவுரையின்றி ஒரு வாரத்திற்குமேல் இதனைத் தொடரலாகாது. தொடர்ந்து பேதியாவதால் உடல் நீரையும் பொட்டாசியம் உப்பையும் இழக்கிறது. பொட்டாசியம் குறைந்தால் தசைகள் சோரும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். டிகாக்சின் போன்ற இதய மருந்தோ சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ உண்ணும் முதியோர்க்கு இது உயிருக்கே ஊறாகலாம். குடலடைப்பு, குடல்வால் அழற்சி, காரணம் அறியாத வயிற்றுவலி, குடற்புண் அழற்சி ஆகியவை உள்ளோர் இதனைத் தொடவே கூடாது. கருவுற்ற பெண்களுக்கும் 12 வயதுக்குட்பட்ட சிறாருக்கும் மருத்துவரைக் கேளாமல் தரலாகாது. ரமளானில் நீர் குறைவாக அருந்துவதால் மலச்சிக்கல் காண்போர், இரவில் ஸனாவை மிகுதியாக உண்டால் நோன்புப் பகலில் நீரிழப்பால் தளர்வர். அவர்களுக்கு இரவில் போதிய நீரும், பழமும், நார்ச்சத்துள்ள உணவுமே முதல் மருந்து.

உடல் எடை குறைக்கும் தேநீர் எனச் சந்தையில் விற்கப்படுவன பலவற்றில் சென்னாவே மறைந்திருக்கிறது. அதனால் குறைவது பெரும்பாலும் உடலின் நீரே, கொழுப்பு அன்று. பருகுவதை நிறுத்தியதும் எடை திரும்பிவிடும்.

மூன்றாவது, ஹதீஸின் பெயரால் செய்யப்படும் மிகைக்கூற்று. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது பாகிஸ்தானில் ஸனா மக்கீ அந்நோயைப் போக்கும் என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. மக்கள் கடைகளை மொய்த்தனர். விலை பன்மடங்கு ஏறியது. அந்நோய்க்கு இது மருந்தென்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். காய்ச்சலால் ஏற்கெனவே நீரிழந்த நோயாளிக்குப் பேதிமருந்து தருவது நோயை நீக்காது. அவரை மேலும் நலிவுறச் செய்யும். இத்தகைய தவறு ஒவ்வொன்றும் நோயாளியின் உடலுக்கு மட்டுமன்றி, எந்த மாமனிதரின் பெயரால் அது சொல்லப்படுகிறதோ அவர்மீது மக்கள் கொண்ட நம்பிக்கைக்கும் ஊறு விளைவிக்கிறது.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. ஸனாவைப் பற்றிய ஹதீஸைப் பரப்புவோர் இதனையும் உடன் சேர்த்துப் பரப்புவாராயின் பல தீங்குகள் தவிரும்.

ஸனாவின் புகழுரையில் மரணம் விலக்காகக் கூறப்பட்டதை நாம் பெரும்பாலும் கவனியாது கடந்துவிடுகிறோம். மருந்தின் ஆற்றல் எவ்வளவு பெரிதாயினும் அதற்கோர் எல்லை உண்டு என்பதே அச்சொல்லின் உட்பொருள். புற்றுநோயின் கடைசி நாள்களில் வலி தணிக்க மார்ஃபின் பெறும் நோயாளிகள் கடும் மலச்சிக்கலால் துன்புறுவர். அத்துன்பத்தை நீக்க உலகெங்கும் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மருந்துகளில் சென்னா முதன்மையானது. அது அவர்களின் மரணத்தைத் தடுப்பதில்லை. எஞ்சிய நாள்களின் வேதனையைக் குறைக்கிறது. அந்த மாத்திரையின் சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறியதாகவும் இருக்கலாம். பாலையின் இச்சிறு செடியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது அந்த அளவான நன்மையையே. உரிய அளவில், உரிய நாளில், உரியவர் சொற்படி உண்போர்க்கு அது அந்நன்மையை இன்றும் தந்துகொண்டிருக்கிறது.